வெளுத்தது பத்து நாள்... எரிந்தது ஆறு மாதம்!



போன மாதம் இதே பகுதியில் ஒரு தங்கை, "என் முகம் வறண்டு தோல் உரியுது, ஆனா பருவும் வருது. எண்ணெய் தடவினா பரு, தடவலைன்னா எரிச்சல். நான் எதைத்தான் போடறது?" என்று கேட்டு எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வருடம் நான் கேட்டுக் கொண்டிருந்த கேள்வி அது. பதில் தெரியாமல் நான் செய்த ஒரு காரியம் என் முகத்தையே பாழாக்கப் பார்த்தது. அதை நாலு பேருக்குச் சொன்னால் ஒருத்தருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கோட்டை கட்டியிருந்தார்கள். அவர்களுடைய கல்லறைகளைப் பார்க்க இன்றும் வெளியூர் ஆட்கள் வருவார்கள். குளிர்காலத்தில் பூநாரை பார்க்க வருகிறவர்கள் இன்னும் அதிகம். வந்தவர்கள் எல்லாம் "என்ன ஜிலுஜிலுன்னு காத்து!" என்று சொல்லி விட்டுப் போவார்கள். அந்தக் காற்றிலேயே இருபத்து நாலு மணி நேரமும் இருக்கிற எங்களைக் கேட்டால் அல்லவா தெரியும்! உப்புக் காற்று, ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் பளபளக்கிற மணல். வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், மணலில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். போர் தண்ணீரில் முகம் கழுவினால் காய்ந்ததும் தோல் இழுத்துப் பிடிக்கும். மார்கழி, தை வாடைக் காற்றில் கன்னம் வெடித்து, சிரித்தாலே எரியும்.

என் வீட்டுக்காரர் ஏரியில் தொழில் செய்பவர். பாடு முறை வருகிற நாட்களில் ராத்திரி போனால் விடியற்காலையில்தான் கரைக்கு வருவார். நான் வீட்டைப் பார்த்துக் கொள்கிறவள்தான் என்றாலும், இறால் பிரிப்பது, மீன் கழுவுவது, கருவாடு காயப் போடுவது எல்லாம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வீட்டு வேலையில் சேர்த்திதான். மீன் கையோடேயே வியர்வையைத் துடைப்போம். கன்னத்தில் ஒரு பரு கிள்ளச் சொன்னால், அதே கையால் கிள்ளுவோம். இதெல்லாம் தப்பு என்று சொல்ல அன்று யாரும் இல்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வறண்ட தோல். ஆனால் தாடையிலும் கன்னத்திலும் பரு விடாது. கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் போகவில்லை. "வறண்ட தோலுக்குப் பரு வராதே, உனக்கு உடம்பு சூடு" என்பார் ஒருத்தர். "தேங்காய் எண்ணெய் தடவி ஊற வை" என்பார் இன்னொருத்தர். என் மாமியார் தன் பங்குக்கு எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா, பருவின் மேல் பற்பசை வைக்கச் சொன்னார். எல்லாம் செய்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்து விட்டு வெயிலில் கருவாடு புரட்டப் போன அன்று கன்னம் திட்டுத் திட்டாகக் கறுத்ததுதான் மிச்சம்.

2018-ம் வருடம் மார்கழியில் என் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம். போட்டோ, வீடியோ எல்லாம் ஏற்பாடு ஆனது. "அண்ணி, நீங்கதான் பக்கத்துல நிக்கணும். இந்த முகத்தோட நிக்காதீங்க" என்று நாத்தனார் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு மனசில் குத்தி விட்டது. அடுத்த நாளே ஒரு மருந்துக் கடையில் போய், "பருவுக்கும் கருப்புக்கும் ஏதாவது குடுங்க" என்று கேட்டேன். கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு சின்ன டியூபை எடுத்துக் கொடுத்தார். "எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க. பத்து நாள்ல பாருங்க" என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? பத்தே நாளில் முகம் வெளுத்தது. பரு அமுங்கியது. வறட்சி கூடத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் எல்லாரும், "என்ன பூசறே? எங்களுக்கும் சொல்லேன்" என்று கேட்டார்கள். நானும் பெருமையாகச் சொன்னேன். என் வாயால் கேட்டு வாங்கிப் போட்டவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அஞ்சு மாதம் விடாமல் போட்டேன். வைகாசியில் தொழில் மட்டமாகிக் கையில் காசு இறுகியது. "க்ரீம்தானே, இந்த மாசம் வேண்டாம்" என்று நிறுத்தினேன். நாலாவது நாள் முகம் கொதித்தது. அடுப்பு பக்கத்தில் நிற்க முடியவில்லை. கன்னம் இரண்டும் ரத்தச் சிவப்பு. நெற்றி, தாடை எல்லாம் சின்னச் சின்னதாய் ஒரே அளவில் பருக்கள். தண்ணீர் பட்டால் கூட எரிச்சல். பயந்து போய் மறுபடி க்ரீமை வாங்கிப் போட்டேன். ஒரே நாளில் அடங்கியது. நிறுத்தினால் மறுபடியும் கொதித்தது. உற்றுப் பார்த்தால் கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு, மேலுதட்டிலும் கன்ன ஓரத்திலும் பூனை முடி மாதிரி வளர்ந்திருந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்து விட்டேன். சந்தைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட, எல்லாவற்றுக்கும் முந்தானையால் முகத்தை மூடிக் கொண்டு போனேன்.

என் வீட்டுக்காரர்தான், "இது நாட்டு வைத்தியத்துக்கு அடங்கற விஷயம் இல்ல, வா" என்று பொன்னேரிக்குப் பஸ்ஸிலும் அங்கிருந்து ரயிலிலும் சென்னைக்குக் கூட்டிப் போனார். ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவு. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே, "என்ன க்ரீம் போட்டீங்க? டியூப் கொண்டு வந்திருக்கீங்களா?" என்பதுதான். எடுத்துக் கொடுத்தேன். பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினார்: மோமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின். மூன்றும் ஒரே டியூபில். முதலில் உள்ளது ஸ்டீராய்டு மருந்து.

அவர் பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். கரப்பான் போன்ற நோய்களுக்கு டாக்டர் அளந்து, நாள் குறித்துக் கொடுப்பார். அதையே முகத்தில் மாதக் கணக்கில் தடவினால், முதலில் ரத்தக் குழாய்கள் சுருங்கி, நிறம் குறைந்து, முகம் வெளுத்தாற்போலத் தெரியும். போகப் போகத் தோல் மெலிந்து விடும். நிறுத்தியதும் சுருங்கிய குழாய்கள் விரிந்து சிவந்து கொதிக்கும். பருவை அமுக்கிய மருந்தே புதுப் பருவைக் கிளப்பும். இதற்கு நம் நாட்டு டாக்டர்களே 2008-ல் தனியாகப் பெயர் வைத்து விட்டார்களாம். 'ஸ்டீராய்டு பூசிக் கெட்ட முகம்' என்று நம் பாஷையில் சொல்லலாம். 2011-ல் வந்த ஓர் ஆய்வில், நாட்டின் 12 மையங்களில் முகத்தோல் பிரச்சினைக்காக வந்த 2,926 பேரில் 433 பேர் இப்படி ஸ்டீராய்டு பூசியவர்கள். அதாவது ஏழு பேரில் ஒருவர்! அவர்களுக்கு அதிகமாக வந்த தொல்லையும் பருதான். "நீங்க ஒருத்தர் மட்டும் ஏமாறலைம்மா, அழாதீங்க" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் நான் நன்றாக அழுதேன்.

2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்து விட்டது. நான் வாங்கியது அதற்குப் பிறகுதான். ஆக, சட்டம் இருந்தது. கேட்கத் தெரிந்தவள்தான் இல்லை.

குணமாக ஆறு மாதம் ஆனது. முதல் ரெண்டு மாதம் நரகம். பரு அடங்க ஒரு மாத்திரை, கழுவ ஒன்று, தடவ ஒன்று, வெயிலுக்கு ஒன்று, அவ்வளவுதான் கொடுத்தார்கள். "இத்தனை எரியுது, இவ்வளவு லேசா குடுக்கறாங்களே" என்று சந்தேகப்பட்டேன். ஆனால் அந்த லேசான பழக்கம்தான் இன்றுவரை என் முகத்தைக் காப்பாற்றுகிறது. அந்தத் தங்கைக்காக அதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வறட்சி வேறு, பரு வேறு. இரண்டும் ஒரே முகத்தில் இருக்கலாம். தோலின் மேலடுக்கு தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாமல் போனால் வறட்சி. மயிர்க்கால் துவாரத்தில் எண்ணெயும் செத்த தோலும் அடைத்து, கிருமி சேர்ந்தால் பரு. பழைய மரப்படகில் பலகை இடுக்கு விட்டால் தண்ணீர் கசியும் இல்லையா? வறண்ட தோல் அப்படித்தான். அதை இன்னும் சுரண்டிச் சுரண்டிக் கழுவினால் இடுக்கு பெரிசாகுமே தவிர, பரு போகாது. முதலில் இடுக்கை அடைக்க வேண்டும், அப்புறம்தான் பருவுக்கு மருந்து.

காலையில்:

1. ஒரே ஒரு முறை முகம் கழுவுங்கள். குளியல் சோப்பு வேண்டாம். சாதாரண சோப்பில் காரத்தன்மை அதிகம், நம் தோலோ லேசான அமிலத் தன்மை கொண்டது. நுரை குறைவான, வாசனை இல்லாத, 'சோப்பு இல்லாத' முகக் கழுவி என்று கேட்டு வாங்குங்கள். விரல் நுனியால் அரை நிமிடம் தடவினால் போதும். நார், பீர்க்கங்கூடு, உப்பு, சர்க்கரை எதையும் வைத்துத் தேய்க்காதீர்கள். எங்களைப் போல் உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள், குடிக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துக் கடைசியாக முகத்தை அலசிக் கொள்ளுங்கள். ஒரு சொம்புக்கு மேல் நான் செலவழிப்பதில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வருகிற இடுப்புக்குத்தானே அதன் அருமை தெரியும்!

2. துண்டால் ஒற்றி எடுத்து, முகம் ஈரமாக இருக்கும்போதே ஈரப்பதம் காக்கும் லோஷனைத் தடவுங்கள். காய்ந்த பிறகு தடவினால் பாதிப் பலன்தான். கிளிசரின் சேர்ந்தது நல்லது. அட்டையில் 'நான் காமெடோஜெனிக்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். துவாரத்தை அடைக்காது என்று அர்த்தம். பரு வருகிற முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஏற்றதல்ல. கை காலுக்குத் தாராளமாகத் தடவலாம்.

3. வெளியே போகிறவர்கள் வெயில் காப்புக் க்ரீம் போடுங்கள். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. மணலில், கரையில் நிற்கிறவர்கள் ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பத் தடவ வேண்டும். "அதுக்கெல்லாம் ஏதுங்க காசு" என்கிறீர்களா? அகலமான ஓலைத் தொப்பி, குடை, பருத்தி முந்தானை மூன்றும் அதே வேலையைப் பாதிக்கு மேல் செய்யும். எங்கள் பழவேற்காட்டில் ஜமீலாபாத் பெண்கள் பனை ஓலையில் எத்தனை அழகாகப் பின்னுகிறார்கள்! நான் வெயிலில் போகும்போது ஓலைத் தொப்பி இல்லாமல் போவதில்லை. பரு போன இடத்தில் நிற்கிற கருப்புத் தழும்பு மறைய நாளாவதற்குக் காரணமே வெயில்தான்.

ராத்திரியில்:

1. அடுப்படி வேலை, மீன் வேலை எல்லாம் முடிந்து, முதலில் கையைக் கழுவி, பிறகு முகத்தைக் கழுவுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் முகக் கழுவி வேண்டாம். நடுவில் வியர்த்தால் வெறும் தண்ணீர் போதும்.

2. பருவுக்கு மருந்து. எனக்கு முகம் குணமான பிறகு டாக்டரம்மா அடாபலீன் என்ற ஜெல்லை எழுதிக் கொடுத்தார். பட்டாணி அளவு, முகம் முழுவதற்கும். பரு மேல் மட்டும் வைப்பதல்ல, பரு வருகிற இடம் முழுக்க மெல்லிசாகத் தடவ வேண்டும். வறண்ட தோலுக்கு இது எரியும். அதனால் முதலில் லோஷன், அதன் மேல் மருந்து, அதுவும் முதல் சில வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று சொன்னார். கண், உதடு, மூக்கு ஓரம் படக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்கு எதிர்பார்ப்பவர்களும் இதைத் தொடக் கூடாது. முன்னாலேயே டாக்டரிடம் சொல்லி விடுங்கள். சிலருக்கு பென்சாயில் பெராக்சைடு கொடுப்பார்கள். அது பட்டால் துணி வெளுத்து விடும். என் நாத்தனார் தன் புதுத் தலையணை உறையை அப்படித்தான் வீணாக்கினாள்.

3. இன்னொரு முறை லோஷன். உதட்டுக்கும் வெடித்த இடத்துக்கும் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி. முடிந்தது வேலை. மொத்தமே அஞ்சு நிமிடம்.

இப்போது முக்கியமான சொல். பொறுமை! எந்த நல்ல பரு மருந்தும் பலன் காட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் சில வாரம் கொஞ்சம் கூடுவது போலக் கூடத் தெரியும். பத்து நாளில் முகம் பளபளத்தால், சந்தோஷப்படாதீர்கள். சந்தேகப்படுங்கள்.

செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியல் என் சமையல் அறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். எலுமிச்சம்பழம், சமையல் சோடா, பற்பசை, முகத்தில் வேண்டாம். பருவைக் கிள்ள வேண்டாம். தலைக்கு எண்ணெய் வழிய வழிய வைத்து நெற்றியில் இறங்க விட வேண்டாம். நெற்றிப் பருவுக்கு அதுவும் ஒரு காரணம். தலையணை உறையை வாரம் ஒரு முறையாவது துவைக்கவும். ஒரே சமயத்தில் நாலு புதுப் பொருளை ஆரம்பிக்க வேண்டாம். ஒவ்வொன்றாக, முதலில் காது ஓரத்தில் நாலு நாள் தடவிப் பார்த்து விட்டு ஆரம்பியுங்கள். பாட்டி கொடுத்த பயத்த மாவு ஒத்துக் கொண்டால் உடம்புக்குப் பயன்படுத்துங்கள். முகம் எரிகிற நாளில் அதுவும் வேண்டாம்.

தாடை ஓரத்தில் விடாத பரு, கூடவே மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போவது, தாடையில் முடி வளர்வது இருந்தால் முகத்துக்குப் பூசிப் பயன் இல்லை. சினைப்பை, ஹார்மோன் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். டாக்டரிடம் போங்கள்.

க்ரீம் டியூபை வாங்கினால் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள், இல்லை படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மோமெட்டசோன், ஃப்ளூசினோலோன். இந்தப் பெயர்கள் இருந்தால் அது அழகு க்ரீம் அல்ல, மருந்து. ஏற்கெனவே மாதக் கணக்கில் போட்டுக் கொண்டிருப்பவர்கள் என்னைப் போலத் திடீரென்று நிறுத்தி விட்டுத் தவிக்காமல், டியூபைக் கையில் எடுத்துக் கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள்.

பெயரே ஒட்டாத, எங்கே செய்தது என்றே தெரியாத வெளுப்புக் க்ரீம்கள் இன்னும் மோசம். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளாவில் மலப்புரம் பக்கம் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரகக் கோளாறோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் க்ரீம் பூசியவர்களாம். முகத்தில் பூசியது சிறுநீரகம் வரை போயிருக்கிறது பாருங்கள்!

சரி, செலவு? என் மாமியார் முதலில், "மூஞ்சிக்கு மாசா மாசம் மருந்தா? வலைக்கு நூல் வாங்கக் காசு இல்ல" என்று சத்தம் போட்டார்கள். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த ஸ்டீராய்டு க்ரீம், பவுடர், ஃபேஸ் பேக் என்று முன்னே நான் செலவழித்ததை விட இது குறைவு. கழுவியும் லோஷனும் ரெண்டு மாதம் வரும். மருந்தை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கொடுத்தார்கள். வெளியே வாங்க வேண்டியிருந்தால் சீட்டில் மருந்தின் மூலப் பெயரை எழுதச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலோ 2025-ல் ஆரம்பித்த முதல்வர் மருந்தகத்திலோ முதலில் கேட்டுப் பாருங்கள். இருந்தால் விலை குறையும். இப்போது என் மாமியாரே குளிர்காலத்தில், "அந்த வெள்ளத் தண்ணி எங்கடி?" என்று என் லோஷனைத் தேடி எடுத்து வெடித்த கையில் தடவிக் கொள்கிறார்கள். நானும் பார்க்காத மாதிரி இருந்து விடுவேன்.

இதையெல்லாம் எழுத என்னைத் தூண்டிய விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. இந்த வருடம் பொங்கலுக்கு என் ஓரகத்தி மகள் வீட்டுக்கு வந்தாள். பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். நல்ல மாநிறம், எங்கள் வீட்டிலேயே லட்சணமான பெண். தோல் மட்டும் என்னைப் போலவே வறட்சி, பரு. பை நிறையப் புத்தகம். அதன் நடுவில் அதே மாதிரி ஒரு டியூப்! கையில் எடுத்ததும் எனக்கு விரல் நடுங்கியது.

"இது யாரு குடுத்ததும்மா?"

"ஸ்கூல்ல எல்லாரும் போடறாங்க சித்தி. ஒருத்தி வாங்குனா நாங்க நாலு பேர் பிரிச்சுக்குவோம்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரம். நல்லா இருக்கு சித்தி. கருவாட்டுக்காரின்னு இப்ப யாரும் கிண்டல் பண்றதில்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை அறுத்தது. நான் க்ரீமைப் பிடுங்கித் தூக்கி எறிந்திருந்தால் அவள் இன்னொன்று வாங்கியிருப்பாள். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, நான் மூடி வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் காட்டினேன். 2019-ல் முகம் வெந்து போயிருந்தபோது என் பெரிய மகன் செல்போனில் எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. அதை நான் அதுவரை யாருக்கும் காட்டியதில்லை. காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இது நீங்களா சித்தி?" என்றாள். பிறகு டியூபை அவளாகவே என் கையில் கொடுத்தாள்.

மறு வாரமே அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். ரெண்டு வாரம்தான் ஆனதால் பெரிய சேதம் இல்லை. இப்போது அவளும் காலையில் கழுவி, லோஷன், தொப்பி. ராத்திரி மருந்து. மூன்று மாதம் ஆகிறது. பரு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. நிறம்? அவள் பிறந்த நிறம்தான். அதைவிட எனக்குச் சந்தோஷம், க்ரீமைப் பிரித்துக் கொண்ட மற்ற மூன்று பெண்களிடமும் இவளே போய் அந்தப் போட்டோவைக் காட்டியிருக்கிறாள். "சித்தி, கோவிச்சுக்காதீங்க, கேக்காம காட்டிட்டேன்" என்றாள். கோபமா? அந்தப் போட்டோ ஒரு உபயோகத்துக்கு வந்ததே என்று எனக்கு நெஞ்சு நிறைந்து விட்டது.

2020-ல் ஒரு பெரிய கம்பெனி, 1975-லிருந்து விற்று வந்த தன் க்ரீமின் பெயரில் இருந்த 'வெளுப்பு' என்ற சொல்லை எடுத்து விட்டது. பெயரில் போய் விட்டது. நம் வாயிலிருந்து எப்போது போகும்? பெண் பார்க்க வருகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், ஏன், நாமே நம் பெண்களைப் பார்த்து, "கொஞ்சம் கலரா இருந்தா நல்லா இருக்கும்" என்று சொல்கிறோமே, அந்த வார்த்தைதான் அந்த டியூபை அவர்கள் கையில் கொடுக்கிறது. என் நாத்தனார் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் ஆறு மாதம் எரிந்தேன். நான் பெருமையாகச் சொன்ன வார்த்தைக்கு யார் யார் எரிந்தார்களோ! அவர்களைத் தேடிப் போய், ரெண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டு விட்டேன். மற்றவர்கள் இதைப் படித்தால், இதையே என் மன்னிப்பாக எடுத்துக் கொள்ளுங்கள்.

கேள்வி கேட்ட தங்கையே, உன் முகத்துக்குத் தேவை மென்மையாகக் கழுவுவது, ஈரம் காப்பது, வெயிலைத் தடுப்பது, டாக்டர் சொன்ன மருந்தைப் பொறுமையாகப் போடுவது. இந்த நாலும்தான். மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று இதே பகுதிக்கு எழுது. நான் படித்துக் கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
பழவேற்காடு ஏரிக்கரை, திருவள்ளூர் மாவட்டம்.